யேல் பல்கலைக்கழகத்துக்கு எதற்குச் சொந்தமாக ஒரு கோல்ப் மைதானம்?

வெள்ளவத்தைவாசி (கேள்வி):

அக்காவின் மகள் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படிக்கிறாள். போன கிழமை எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டாள். ஒரு குன்றுச் சரிவு முழுக்க மண் புரட்டிக் கிடக்கிறது. நடுவில் மஞ்சள் நிற எக்ஸ்கவேட்டர் இரண்டு, பின்னால் இலை கொட்டிய காடு. கீழே, ‘எங்கட கம்பஸ் கோல்ப் கோர்ஸைத் திருத்துறாங்கள். நூறு வயசாகப் போகுதாம்’ என்று எழுதியிருந்தாள்.

ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டில் இதுதான் பேச்சு. அத்தான் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். “நாங்கள் ரீட் மாவத்தை மைதானத்தையே பெரிய சொத்தென்று நினைத்தோம். பல்கலைக்கழகத்துக்கு எதற்கு கோல்ப்?” என்று கேட்டுவிட்டு மீன் குழம்புக்குப் போய்விட்டார். அக்கா கூகிளில் தேடிப் பார்த்து, அந்த நிலம் 700 ஏக்கர், ஒரு விதவை கொடுத்தது என்றாள். மைதானத்தை வடிவமைத்தவருக்கு கோல்ப் ஆடவே வராது என்றும் எங்கேயோ எழுதியிருந்ததாம். அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். ஒரு பல்கலைக்கழகம் ஏன் இதைக் கட்டுகிறது? 700 ஏக்கரை என்ன செய்தார்கள்? ஆடத் தெரியாத ஆள் கட்டினான் என்பது உண்மையா, கதையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு அத்தானுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கொட்டாஞ்சேனைக் காகம்:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? காசுக்காரர் படிக்கிற இடம், காசுக்காரர் விளையாட்டு. பொரளை மைதானத்தை பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்ததுதான் எனக்கும் கோல்ப்புக்கும் உள்ள தொடர்பு. ஆனால் இது அமெரிக்கா கண்டுபிடித்த வழக்கம் இல்லை. ஸ்கொட்லாந்தில் சென்ட் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில்தான் கோல்ப்பே வளர்ந்தது. அதைப் பார்த்து இவர்கள் செய்திருப்பார்கள்.

அளவைக்காரன்:

தம்பி, மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் அது என் சாதிக்காரனைப் பற்றியது. தொழில் சாதியைச் சொல்கிறேன். முப்பத்தொரு வருடம் அரசாங்கத்தில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் வீட்டுச் சிரிப்பில் எனக்கும் ஒரு அடி விழுந்தது.

அந்த ஆளின் பெயர் செத் ரேனர். நியூயோர்க்குக்குக் கிழக்கே நீளமாகக் கிடக்கும் லோங் ஐலண்ட் தீவில், சவுத்ஹாம்டன் என்ற ஊரில் சேர்வேயராகவும் பொறியியலாளராகவும் வேலை பார்த்தவர். றோட்டு, வடிகான், காணி எல்லை, இவைதான் அவருடைய பிழைப்பு. ஏறக்குறைய 1907இல் சார்ள்ஸ் பிளேயர் மக்டொனால்ட் என்ற பணக்காரர், கோல்ப் மைதானம் போட ஒரு நிலம் வாங்கி, அதை அளந்து தரச் சொல்லி இவரைக் கூப்பிட்டார். அளந்து கொடுத்து, கூலியை வாங்கிக்கொண்டு போக வேண்டியவர் ரேனர். போகவில்லை. மக்டொனால்டிடம் பிரிட்டனில் பார்த்துத் தெரிந்தெடுத்த நல்ல துளைகளின் (கோல்ப்பில் துளை என்றால் வெறும் குழி இல்லை, முதல் அடி அடிக்கிற இடத்திலிருந்து குழிவரை உள்ள முழுத் தரையும்) வரைபடங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. அவற்றைப் பார்த்து, எந்த இடத்தில் எத்தனை அடி மண் கூட்ட வேண்டும், எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று சமவுயரக் கோட்டில் போட்டுக் காட்ட ஒரு ஆள் தேவைப்பட்டது. அது சேர்வேயர் வேலை. அதன் பிறகு சாகும்வரை ரேனர் கோல்ப் மைதானங்கள்தான் கட்டினார். அவர் கோல்ப் ஆடும் ஆள் இல்லை என்பது உண்மைதான். அதில் எனக்கு ஒரு வியப்பும் இல்லை. பாலம் அளந்தவன் எல்லாம் பஸ் ஓட்டத் தெரிந்தவனா?

மக்டொனால்டின் கதையும் பல்கலைக்கழகத்தில்தான் தொடங்குகிறது. 1872இல், பதினாறு வயதில், படிப்பதற்காக அவரை ஸ்கொட்லாந்தில் சென்ட் அன்ட்ரூஸில் இருந்த பாட்டனாரிடம் அனுப்பினார்கள். அங்கே ஓல்ட் டொம் மொரிஸ் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரரின் பக்கத்தில் கோல்ப் பழகினார். பட்டப்படிப்பு எவ்வளவு மண்டையில் ஏறியதோ, கோல்ப் ஏறிவிட்டது. 1895இல் நடந்த முதலாவது அமெரிக்க அமெச்சூர் சாம்பியன்ஷிப்பை வென்றவர் அவர்தான். காகம் சொன்னதில் ஒரு திருத்தம்: சென்ட் அன்ட்ரூஸின் பழைய மைதானம் அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமில்லை. அது ஊருக்குப் பொதுவான கடற்கரை நிலம். இன்றைக்கும் பொது மைதானம்தான்.

அந்தக் ‘கடற்கரை’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். முழு விஷயமும் அதில்தான் நிற்கிறது.

கோல்ப் வளர்ந்தது கடலோர மணல் மேடுகளில். ஆங்கிலத்தில் ‘லிங்ஸ்’ என்கிறார்கள். மணலில் மழை விழுந்தால் அதே இடத்தில் உறிஞ்சிப் போய்விடும். புல் கட்டையாக நிற்கும், தரை இறுக்கமாக இருக்கும், பந்து உருளும். யாரும் வடிகான் வெட்டத் தேவையில்லை. சரி, அந்த ஆட்டத்தைக் கடலில்லாத இடத்துக்குக் கொண்டுபோனால்? களிமண்ணிலும் பாறையிலும் சதுப்பிலும் அதே தரை வேண்டுமென்றால், மணல் சும்மா செய்த வேலையை மனிதன் காசு கொடுத்துச் செய்ய வேண்டும்.

கொழும்பிலும் இதுதான் நடந்தது. இங்கே 1879இல் கோல்ப் கிளப் தொடங்கியபோது ஆடிய இடம் காலிமுகத்திடல். கடலுக்குப் பக்கம், காற்று, உப்பு. லிங்ஸ் என்று சொல்ல ஓரளவு நியாயம் உண்டு. 1896இல் அங்கிருந்து பொரளைப் பக்கம் மொடல் ஃபாம் வீதிக்குப் போனார்கள். அந்த நேரத்து ஆளுநர் ரிட்ஜ்வேயின் பெயரில் ‘ரிட்ஜ்வே லிங்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். கடலை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள்!

அந்த மைதானத்தை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். உள்ளே போய் ஆடியதில்லை, கோச்சியிலிருந்து தெரியும். அப்பா களனிவெளிப் பாதையில் கார்ட். நாங்கள் தெமட்டகொடை ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். அந்தக் காலத்தில் அது சின்னப் பாதை, தண்டவாளத்துக்கு இடையில் இரண்டரை அடிதான். இன்றைய அகலப் பாதையெல்லாம் 1990களில் வந்தது. பாடசாலை விடுமுறையில் அப்பா சில நாள் கார்ட் பெட்டியில் என்னை ஏற்றிக்கொள்வார். கோச்சி கோல்ப் மைதானத்துக்கு நடுவால் போகும். வெள்ளைக் காற்சட்டைக்காரர்கள் கோலை ஊன்றிக்கொண்டு நாங்கள் கடந்து போகும்வரை காத்திருப்பார்கள். அப்பா பச்சைக் கொடியை ஆட்டினால் சிலர் கோலைத் தூக்கிப் பதில் காட்டுவார்கள். மாரி காலத்தில் பார்த்தால் பாதைக்கு இரண்டு பக்கமும் குளம் குளமாகத் தண்ணீர் மின்னும். “இவங்கள் பந்து அடிக்கிறாங்களா, மீன் பிடிக்கிறாங்களா?” என்று கேட்பார் அப்பா. தாழ்ந்த நிலம், வேறென்ன செய்வது.

இனி யேல். அங்கே கிடைத்த நிலம் எப்படிப்பட்டது தெரியுமா? 1924இல், ரே டொம்ப்கின்ஸ் என்பவரின் நினைவாக அவருடைய மனைவி கொடுத்தது. டொம்ப்கின்ஸ் யேலில் படித்தவர், 1880களில் அங்கே உதைபந்தாட்ட அணித் தலைவர் (அமெரிக்க உதைபந்து, கையால் பிடித்துக்கொண்டு ஓடுவது). 700 ஏக்கர். எங்கள் கணக்கில், ஏக்கருக்கு 160 பேர்ச் என்று, 1,12,000 பேர்ச். கொழும்பில் ஆறு பேர்ச்சுக்கு அண்ணன் தம்பி பேசாமல் இருக்கிற குடும்பங்களுக்கு நான் எல்லை அளந்து கொடுத்திருக்கிறேன். இந்த எண்ணை எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் அது வீடு கட்டும் நிலம் இல்லை. நாற்பது வருடமாக யாரும் பயிர் செய்யாத காடு. உள்ளே ஒரு வீடில்லை, ஒரு பாதையில்லை. குன்று, பாறைத் திட்டு, இடையிடையே சதுப்பு. அதில் ஒரு பங்கில்தான் கோல்ப் மைதானம் வந்தது. மீதி பெரும்பாலும் இன்றைக்கும் காடாகத்தான் இருக்கிறது.

மக்டொனால்ட் ஆலோசனை, ரேனர் வடிவமைப்பு. டைனமைட் வைத்துப் பாறையை உடைத்தார்கள், சதுப்பை வடித்தார்கள், மரங்களை வெட்டி வேரோடு எடுத்தார்கள். செலவு நாலு இலட்சம் டொலருக்கு மேல். அந்தக் காலத்தில் ஒரு கோல்ப் மைதானத்துக்கு அவ்வளவு காசு கொட்டியது பெரிய பேச்சாக இருந்தது. 1926 ஏப்ரலில் திறந்தார்கள். ரேனர் அதைப் பார்க்கவில்லை. அதே ஆண்டு ஜனவரியில் நிமோனியாவில் இறந்துவிட்டார், 51 வயது. வேலையை முடித்தது சார்ள்ஸ் பேங்ஸ். அவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பாடசாலையில் இங்கிலீஷ் மாஸ்டர்! அவருடைய பாடசாலைக்கு மைதானம் போட ரேனர் வந்தபோது ஒட்டிக்கொண்டவர். யேலின் பழைய மாணவர் வேறு.

ஆக, தம்பி, உங்கள் அத்தானிடம் இப்படிச் சொல்லுங்கள்: நிலம் அளக்கிற ஒருவரும் இங்கிலீஷ் படிப்பித்த ஒருவரும் சேர்ந்து கட்டியது. ஆடத் தெரிந்தவர் ஆலோசனை சொன்னார்.

2016 ஒக்டோபரில் நான் அந்தத் தரையை மிதித்திருக்கிறேன். மகளுக்குப் பிள்ளை பிறந்ததற்காக நானும் மனைவியும் போயிருந்தோம். மருமகனோடு வேலை செய்யும் ஒருவர் அங்கே அங்கத்தவர். கிழவனுக்குப் பொழுது போகவில்லை என்று கண்டு, ஒரு பின்னேரம் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். நான் கேட்டது ஒரே ஒரு இடம், ஒன்பதாவது துளை. அதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உயரமான இடத்தில் நின்று அடிக்க வேண்டும். கீழே ஒரு குளம். அக்கரையில் கிரீன், அதாவது துளை இருக்கிற கட்டைப் புல் தரை. தூரம் 600 அடிக்கு மேல். அந்தக் கிரீன் மட்டுமே முன்னிருந்து பின்வரை 180 அடிக்கு மேல் நீளம். வழக்கமான கிரீன் அதில் பாதி கூட வராது. நடுவில் குறுக்காக, ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம்வரை, பெரிய தாழ்வு ஒன்று ஓடுகிறது. நான் அதற்குள் இறங்கி நின்றேன். முன்பக்கத்தில் நின்ற மனைவி, “உங்களைப் பாதி ஆளாகத்தான் தெரியுது” என்றாள். ஐந்தடிக்குக் குறையாது. கையில் லெவல் கருவி இல்லாமல் போனதற்கு அன்று கவலைப்பட்டேன்.

இந்த வடிவத்துக்கு ‘பியாரிட்ஸ்’ என்று பெயர். பிரான்ஸில் கடற்கரை நகரம் ஒன்றின் பெயர். அங்கே கடல் வெட்டிய பள்ளத்தைத் தாண்டி அடிக்கிற ஒரு துளை இருந்ததாம், அது இப்போது இல்லை. அந்த யோசனையிலிருந்து வளர்ந்த வடிவம், யேல் இருக்கிற கனெக்டிகட் மாநிலத்துக் காட்டில் நிற்கிறது. பதின்மூன்றாவது துளைக்கு ‘ரெடான்’ என்று பெயர். அதன் மூல வடிவம் ஸ்கொட்லாந்தில், பெயரோ கிரிமியப் போரில் ரஷ்யர் கட்டிய காவல் அரணிலிருந்து வந்தது. துளைகளின் காவலுக்கு இருக்கிற மணல் குழிகளை பங்கர் என்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு பங்கர் என்றால் வேறு ஞாபகம் வரும். மனைவி அந்தச் சொல்லைக் கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கூட வந்தவருக்கு விளங்கவில்லை, நாங்கள் விளக்கவும் இல்லை.

நான் அங்கே உண்மையில் பார்த்தது தண்ணீரைத்தான். முதல் நாள் நல்ல மழை. அந்தத் தாழ்வு இரண்டு பக்கமும் திறந்திருப்பதால் மேலே விழுந்த மழை பக்கவாட்டில் இறங்கிப் போயிருந்தது. கிரீனில் என் சப்பாத்து நனையவில்லை. சில பெயார்வேக்களில், அதுதான் நடுவே ஓடுகிற புல் வெளி, கால் வைத்தால் ‘சளக்’ என்றது. தொண்ணூறு வருடப் பழைய மண், சதுப்புக்கு தன் பழைய இடம் ஞாபகம் இருக்கத்தானே செய்யும்.

வெள்ளவத்தைவாசி:

ஐயா, நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன், 1,12,000 பேர்ச்சில் நின்றுவிட்டாள், அதற்கு மேல் போகவில்லை.

அத்தான் தொலைபேசியில் கேட்டது: அப்படியென்றால் நிலம் சும்மா கிடைத்ததால்தான் கட்டினார்களா? மாணவர்கள் ஆடுகிறார்களா, அல்லது பழைய மாணவர்களுக்கு விருந்து வைக்கிற இடமா? இன்னொன்று, இப்போது ஏன் தோண்டுகிறார்கள்?

நுவரெலியாக் குளிர்:

இடையில் நான் ஒரு வார்த்தை. மருதானையில் வேலை, ஊர் நுவரெலியா. எங்கள் ஊர் கோல்ப் கிளப் 1889இலிருந்து இருக்கிறது, நகரத்துக்கு நடுவில். என் பெரியப்பா அங்கே கேடி. (இந்திய நண்பர்கள் பயப்பட வேண்டாம். எங்கள் ஊரில் கேடி என்றால் கோல்ப் பை தூக்குபவர், பொலிஸ் பட்டியலில் இருப்பவர் இல்லை.) பிள்ளைகள் சைப்பிரஸ் கொம்பை வளைத்துக் கோல் செய்து, றோட்டோரத்தில் அடித்துப் பழகுவார்கள். அப்படிப்பட்ட மலையகப் பக்கத்திலிருந்துதான் தங்கராஜா போன்றவர்கள் வந்து இந்தியத் தொழில்முறைத் தொடரில் பட்டம் வென்றிருக்கிறார்கள். காகம் சொன்ன ‘காசுக்காரர் விளையாட்டு’ சரிதான். ஆனால் பையைத் தூக்கியவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

பெரியப்பா சொல்வது ஒன்று ஞாபகம் வருகிறது. தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்தால் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியும். துரைமார் கிரீனில் குனிந்து கண்ணை ஒடுக்கிப் பார்க்கும்போது, அவர் மழை பெய்த நாளில் அந்த இடம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்துத்தான் வழி சொல்வாராம். அளவைக்கார ஐயாவுக்கு இது பிடிக்கும் என்று எழுதினேன்.

அளவைக்காரன்:

நுவரெலியாத் தம்பி, பெரியப்பாவுக்கு என் வணக்கம். அவர் சேர்வேயர்.

அத்தானின் கேள்விகளுக்கு வருகிறேன். நிலம் கிடைத்ததால் மட்டும் இல்லை. யேலுக்கு அதற்கு முன்பே கோல்ப் பைத்தியம் பிடித்துவிட்டது. அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே முதலாவது கோல்ப் சாம்பியன்ஷிப் 1897இல் நடந்தது, அணிப் பட்டம் யேலுக்கு. பிறகு அப்படியே அள்ளிக்கொண்டு போனார்கள். மொத்தம் 21 பட்டங்கள், வேறு எந்தப் பல்கலைக்கழகமும் இன்னும் அந்தக் கணக்கைத் தாண்டவில்லை. கடைசிப் பட்டம் 1943இல். வேடிக்கை பாருங்கள், அந்தப் பட்டங்களில் பெரும்பகுதி சொந்த மைதானம் வருவதற்கு முன்பே வந்தவை!

யார் ஆடுகிறார்கள் என்றால், பல்கலைக்கழக அணி, மாணவர், ஆசிரியர், ஊழியர், பழைய மாணவர், அங்கத்தவர் கூட்டி வரும் விருந்தாளிகள். விருந்து வைக்கும் இடமா என்று கேட்டால் நான் மறுக்க மாட்டேன். பழைய மாணவனை நாலு மணி நேரம் நல்ல காற்றில் நடத்தினால் காசோலைப் புத்தகம் தானாகத் திறக்கும். ஆனால் அதை மட்டும் சொல்லி முடிப்பது நியாயமில்லை, கீழே ஒன்று சொல்கிறேன்.

இப்போது தோண்டுவது ஏன்? நூறு வருடத்தில் மைதானம் தானாகச் சுருங்கும். யாரும் சதி செய்ய வேண்டியதில்லை. புல் வெட்டுபவர் மூலைகளில் ஒவ்வொரு முறையும் ஒரு அங்குலம் உள்ளே திருப்புவார், முப்பது வருடத்தில் கிரீன் வட்டமாகிவிடும். பக்கத்து மரங்கள் கிளை நீட்டும். மணல் குழிகளின் ஓரம் சரியும், பிறகு யாரோ ஒருவர் தன் ரசனைக்குத் திருத்துவார். எங்கள் தொழிலில் எல்லைக்கல் நகர்வது இப்படித்தான். கில் ஹான்ஸ் என்ற வடிவமைப்பாளரைப் பிடித்து, 2023 இறுதியில் மைதானத்தை மூடினார்கள். பழைய அளவுக்குக் கிரீன்களை விரித்து, வடிகால் வேலையைச் செய்து, நூறாவது ஆண்டான 2026இல் திறப்பது திட்டம். உங்கள் மருமகள் படத்தில் இருக்கிற மண் அதுதான்.

யேல் மட்டும் இல்லை. ஸ்டான்போர்ட் 1930இல் தன் மைதானத்தைத் திறந்தது. டைகர் வூட்ஸ் அங்கே படித்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1931இல், ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் 1938இல். இந்தப் பிந்திய இரண்டும் அலிஸ்டர் மக்கென்சி என்பவரின் வடிவமைப்பு. அடிப்படையில் அவர் ஒரு வைத்தியர். ஓஹையோ மைதானம் திறப்பதற்கு நாலு வருடம் முன்பே, 1934இல், அவரும் இறந்துவிட்டார். இந்தத் தொழிலில் திறப்பு விழாவுக்கு உயிரோடு இருப்பதே பெரிய பேறு போல.

எனக்கு மிகவும் பிடித்தது பர்டியூ பல்கலைக்கழகத்தின் கதை, இந்தியானா மாநிலம். பீட் டை என்ற பெரிய வடிவமைப்பாளர் ஒரே ஒரு டொலர் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்து கொடுத்த மைதானம் அது. 1998இல் திறந்தது. புல் வளர்ப்பைப் பாடமாகப் படிக்கிற மாணவர்கள் கட்டும் வேலையிலும் இறங்கினார்கள். மைதானத்துக்குள்ளே சதுப்பு நிலங்களைச் செயற்கையாக அமைத்தார்கள். வேண்டுமென்றேதான்! பக்கத்து றோட்டுகளிலும் வாகனத் தரிப்பிடங்களிலும் விழுகிற மழைநீரும், மைதானத்து உரத்தைக் கழுவிக்கொண்டு வருகிற நீரும் அந்தச் சதுப்புகளுக்குள் போகும். உள்ளே போகும்போது என்ன இருக்கிறது, வெளியே வரும்போது என்ன குறைந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். யேலில் சதுப்பை வடித்துக் கோல்ப் போட்டார்கள், எழுபது வருடம் கழித்து இன்னொரு பல்கலைக்கழகம் கோல்ப்புக்குள் சதுப்பைத் திரும்பக் கொண்டுவந்தது. பொதுச் சுகாதாரம் படிக்கிற மருமகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள், அவளுக்கு கோல்ப்பை விட இது பயன்படும்.

காகம் திரும்ப வந்து, கொழும்பில் இதைச் செய்ய நிலம் எங்கே என்று கேட்கும். நிலம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் குதிரைப் பந்தயத் திடல் இருந்தது, 1942இல் அதை விமான ஓடுபாதையாக்கி, ஈஸ்டர் ஞாயிறு ஜப்பானியர் குண்டு போட்டபோது ஹரிக்கேன் விமானங்கள் அங்கிருந்து ஏறின. இந்த ஊரில் திறந்த நிலம் ஒன்று இருந்தால் அதற்கு எப்போதும் யாரோ ஒருவர் வேலை வைத்திருப்பார்.

கொட்டாஞ்சேனைக் காகம்:

சென்ட் அன்ட்ரூஸ் விஷயத்தில் நான் சொன்னது பிழை, ஏற்றுக்கொள்கிறேன். காசுக்காரர் விஷயத்தில் ஏற்றுக்கொள்ள மாட்டேன். நாலு இலட்சம் டொலர், 1926இல்! டைனமைட்டுக்கே எவ்வளவு போயிருக்கும்?

ஒரு சந்தேகம், ஐயா. வடிகான் வடிகான் என்கிறீர்கள். புல்லுக்கு நடுவில் வடிகான் எங்கே? நான் பஸ்ஸிலிருந்து பார்த்தது பச்சை மட்டும்தான்.

அளவைக்காரன்:

அதுதானே வித்தை. கண்ணுக்குத் தெரிந்தால் அது மோசமான வேலை.

மீன் முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். நடு முள் ஒன்று, அதிலிருந்து சரிவாகப் பக்க முள்கள். அந்த வடிவத்தில் அகழி வெட்டுவார்கள். அடியில் சரளைக் கல், அதற்குள் துளை போட்ட குழாய், மேலே மறுபடியும் சரளை, பிறகு மணல், பிறகு புல். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு சரிவு கொடுக்க வேண்டும், நூறு அடிக்கு ஒரு அடி என்ற மாதிரி. சரிவு தப்பினால் தண்ணீர் குழாய்க்குள் நின்று சேறு படியும், இரண்டு மாரிக்குப் பிறகு அந்த இடத்தில் புல் மஞ்சளாகும். முடித்து மூடிய பிறகு யாராலும் பார்க்க முடியாது. அதனால் திறந்திருக்கும்போதே அளந்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். பழைய மைதானங்களில் குழாய் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாமல், எக்ஸ்கவேட்டர் வாளியில் மாட்டிய பிறகுதான் கண்டுபிடிப்பார்கள். சொந்த அனுபவம். கோல்ப் மைதானத்தில் இல்லை, ஒரு வீடமைப்புத் திட்டத்தில். வரைபடம் கீறியதும் நான், குழாயைக் குறிக்க மறந்ததும் நான்தான்.

வெள்ளவத்தைத் தம்பி, உங்களிடம் ஒரு உதவி. மருமகள் அந்தப் பக்கம் திரும்பப் போனால், வேலிக்கு வெளியே நின்றபடி தெரிகிற அகழி ஏதாவது இருந்தால், மூடுவதற்கு முன்பு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். முன்னால் ஒரு குடையை வைத்து எடுக்கட்டும், அளவு தெரியும்.

வெள்ளவத்தைவாசி:

சொல்லிவிட்டேன், ஐயா. சனிக்கிழமை நடக்கப் போகிறாளாம். குடை இல்லையாம், தண்ணீர்ப் போத்தலை வைக்கலாமா என்று கேட்கிறாள்.

அளவைக்காரன்:

வைக்கலாம். போத்தல் எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதச் சொல்லுங்கள்.